13 ஆட்டம், 13 வெற்றி: 2017ல் யூசிஎஃப்புக்கு ஏன் இடமில்லை?

நைட்ஸ்_ரசிகன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) பார்க்கிற தமிழர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். எனக்கு இத்தனை வருடமாகியும் ஆறாத விஷயம் இது.

ஆர்லாண்டோவில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூசிஎஃப்புக்கு, நான் எம்.எஸ். படிக்க வந்தது 2015ல். அந்த சீசனில் எங்கள் அணி 12 ஆட்டம் ஆடி 12லும் தோற்றது. முதல் தடவை ஸ்டேடியத்துக்குப் போனபோது விதிமுறை ஒன்றுமே பிடிபடவில்லை. பாதி ஆட்டத்தில் கூட்டம் எழுந்து போனது மட்டும் நன்றாகப் புரிந்தது. அடுத்த வருடம் ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக வந்தார். அதற்கு அடுத்த வருடம், 2017ல், அதே அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

நவம்பர் 24 என்னால் மறக்க முடியாத நாள். தேங்க்ஸ்கிவிங்கிற்கு மறுநாள், பக்கத்து ஊர்க்காரர்களான சவுத் ஃப்ளோரிடாவோடு ஆட்டம். எங்கள் ஸ்டேடியம் எஃகுச் சட்டத்தில் கட்டியது. கூட்டம் சேர்ந்து குதித்தால் காலடியில் தளம் ஏறி இறங்குவது முழங்கால் வரை தெரியும். ஒன்றரை நிமிடம் சொச்சம் பாக்கி இருக்கும்போது அவர்கள் 42-42 என்று சமன் செய்துவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க அவர்கள் உதைத்த பந்தை (கிக்ஆஃப்) எங்கள் மைக் ஹியூஸ் பிடித்தார். 95 கஜம், ஒரே ஓட்டம், எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். தளம் ஆடிய ஆட்டத்தில் பெரியவரின் தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை, அவரும் தேடவில்லை. 49-42.

அடுத்த வாரம் மெம்ஃபிஸை இரண்டாவது ஓவர்டைமில் 62-55 என்று வென்று எங்கள் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழு) பட்டத்தையும் வாங்கினோம். அன்று வரை 12க்கு 12. மறுநாள் தேர்வுக் கமிட்டியின் கடைசிப் பட்டியல் வந்தது. நாங்கள் 12வது இடம். பட்டத்துக்கு ஆடப்போவது முதல் நாலு பேர். எங்களுக்கு முன்னால் இருந்த 11 அணிகளும் ஒரு ஆட்டமாவது தோற்றவை.

சின்ன கான்ஃபரன்ஸ் அணி யாரிடமும் தோற்காமல் வந்தால் அதற்குப் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு தர வேண்டுமா, வேண்டாமா? தர வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதுப்பார்வையாளர்

இந்த சீசனில்தான் என் பையனோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அடிப்படையான கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியலை எதற்குக் கமிட்டி போடுகிறது? எல்லோரும் ஆடிப் புள்ளி எடுத்தால் மேலே இருப்பவர் மேலே இருக்கப் போகிறார். மற்ற விளையாட்டெல்லாம் அப்படித்தானே?

நைட்ஸ்_ரசிகன்

நல்ல கேள்விங்க. முழுச் சண்டையும் அதில்தான் இருக்கிறது.

2017ல் மேல்மட்டத்தில் 130 அணி. ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 12 ஆட்டம், அதற்கு மேல் உடம்பு தாங்காது. 130 பேர் ஒருவரோடு ஒருவர் மோத வழியே இல்லை. அதனால் பத்து கான்ஃபரன்ஸாகப் பிரிந்து பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள். அந்தப் பத்தில் அப்போது ஐந்து பெரியது, பணமும் டிவி ஒப்பந்தமும் அங்கே. அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் எல்லாம் அந்தப் பக்கம். மீதி ஐந்தில் அப்போது நாங்கள்.

வெவ்வேறு தெருவில் ஆடியவர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டும் என்பதால் 13 பேர் கொண்ட கமிட்டி. 2014 சீசனிலிருந்து 2023 வரை அவர்கள் நாலு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. அதற்கு முன்னால் இன்னும் மோசம்: வாக்கெடுப்பும் கம்ப்யூட்டர் கணக்கும் சேர்த்து இரண்டே இரண்டு அணிதான்.

சீசன் தொடங்கும் முன்பே 60க்கு மேற்பட்ட அணிகளுக்கு, என்ன செய்தாலும் பட்டம் கிடையாது என்ற நிலைமை. எழுதாத விதி அது. ஆனால் நடைமுறையில் அப்படித்தான் இருந்தது.

டஸ்கலூசாவாசி

நான் அலபாமாவில் 11 வருடமாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அந்த அணி பார்க்க அவ்வளவு அழகாக ஆடியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தோற்கவில்லை" என்பது பாதிச் செய்தி. யாரிடம் தோற்கவில்லை என்பது மீதிப் பாதி.

2017 அட்டவணையை எடுத்துப் பாருங்கள். யூகான், ஈஸ்ட் கரோலைனா, எஃப்ஐயூ, கீழ்மட்டத்திலிருந்து ஆஸ்டின் பே. பெரிய கான்ஃபரன்ஸ் அணி என்று பார்த்தால் மேரிலாண்ட் ஒன்றுதான், அந்த வருடம் அது சுமாரான அணி. மெம்ஃபிஸ் நல்ல அணி, ஒத்துக்கொள்கிறேன். சவுத் ஃப்ளோரிடாவும்தான். ஆனால் அந்த இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து உங்கள் டிஃபென்ஸ் 97 புள்ளி கொடுத்தது.

எங்கள் பக்கம் வாருங்கள். எங்கள் கான்ஃபரன்ஸான எஸ்இசியில் வாராவாரம் 300 பவுண்டு ஆட்கள் வந்து இடிப்பார்கள். நாலாவது வாரத்திலேயே பாதிப் பேர் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அதில் ஒரு தோல்வி வருவது பலவீனம் இல்லை. எட்டு வாரம் லேசாகப் போய், இரண்டு வாரம் சிரமப்பட்டு ஜெயிப்பதையும் அதையும் ஒன்றாக வைக்க முடியுமா? கமிட்டியின் வேலை நாலு சிறந்த அணியைத் தேர்ந்தெடுப்பது, சுத்தமான கணக்குப் புத்தகம் வைத்திருப்பவருக்குப் பரிசு கொடுப்பது இல்லை.

முக்கியமாக இதையும் சொல்ல வேண்டும். அந்த நாலாவது இடம் எங்களுக்குக் கிடைத்தது, நாங்கள் பட்டமே ஜெயித்தோம். கமிட்டி சரியாகத்தான் தேர்ந்தெடுத்தது.

நைட்ஸ்_ரசிகன்

அண்ணா, மதித்துப் பதில் சொன்னதற்கு நன்றி. நானும் ஒளிக்காமல் பேசுகிறேன்.

97 புள்ளி உண்மை. எங்கள் டிஃபென்ஸ் ஓட்டைதான். ஆனால் அட்டவணையை யார் போடுகிறார்கள்? கான்ஃபரன்ஸ் ஆட்டம் எட்டு, அதில் எங்களுக்குக் கை கிடையாது. மீதி நாலுக்குப் பெரிய அணிகளைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்தால்தானே? எங்கள் ஊருக்கு வந்து ஆடித் தோற்றால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம், ஜெயித்தால் ஒரு லாபமும் இல்லை. அதனால், நீ இரண்டு தடவை எங்கள் ஊருக்கு வா, நாங்கள் ஒரு தடவை வருகிறோம் என்பார்கள். இப்படி வர மறுத்துவிட்டு, பிறகு கமிட்டி அறையில் "இவர்கள் யாரோடும் ஆடவில்லை" என்றால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்த வருடம் ஜார்ஜியா டெக்கோடு ஆட்டம் போட்டிருந்தோம். இர்மா புயலில் அது ரத்தானது. எங்கள் ஸ்டேடியம் அப்போது நேஷனல் கார்டு படையினரின் முகாமாக இருந்தது.

அப்புறம், 2017 நவம்பர் 18ல் அலபாமா யாரோடு ஆடியது? மெர்சர். 56-0. கீழ்மட்ட அணிதான் அதுவும். நாங்கள் ஆஸ்டின் பேயோடு ஆடியது குறை என்றால் மெர்சரும் குறை. சீசன் தொடக்கத்தில் நீங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட்டை வென்றதைப் பெரிதாகப் பேசினார்கள். அந்த அணி வருடக் கடைசியில் 7-6ல் முடிந்தது.

இப்போது ஆபர்னுக்கு வருகிறேன், என் வாதத்தின் உயிர் அங்கேதான். ஆபர்ன் அந்த நவம்பரில் ஜார்ஜியாவை 40-17 என்று அடித்தது. இரண்டு வாரம் கழித்து அலபாமாவை 26-14 என்று அடித்தது. அந்தத் தோல்வியால் நீங்கள் எஸ்இசிக்குள் உங்கள் பிரிவான டிவிஷனைக்கூட ஜெயிக்கவில்லை, ஆனாலும் நாலாவது இடம் கிடைத்தது. அதே ஆபர்னை 2018 ஜனவரி 1ம் தேதி பீச் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் நாங்கள் 34-27 என்று வென்றோம். பாதி ஆட்டத்தில் 13-6 என்று முன்னால் இருந்தோம், பிறகு பின்தங்கியபோது எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மெக்கென்ஸி மில்டன் ஓடியும் எறிந்தும் மேலே கொண்டுவந்தார். ஷகீம் கிரிஃபின் ஆபர்ன் குவார்ட்டர்பேக்கை விடாமல் துரத்தினார். நாலு வயதில் இடது கை மணிக்கட்டோடு எடுக்கப்பட்டவர் அவர், அன்றைக்கு டிஃபென்ஸில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். கடைசி நொடிகளில் ஆபர்ன் எண்ட் ஸோனுக்குள் (எல்லைக்கோட்டுக்கு அப்பால்) எறிந்த பந்தை எங்கள் பையன் பிடித்ததும் முடிந்தது.

ஆட்டம் நடந்தது அட்லாண்டா மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில். சரியாக ஒரு வாரம் கழித்து, அதே ஸ்டேடியத்தில், ஆபர்னிடம் தோற்ற அலபாமாவும் ஆபர்னிடம் தோற்ற ஜார்ஜியாவும் தேசியப் பட்டத்துக்கு ஆடினார்கள். ஆபர்னை வென்ற நாங்கள் ஊரில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம்.

டஸ்கலூசாவாசி

அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது தம்பி. டிசம்பர் 2ல் எஸ்இசி இறுதியில் ஜார்ஜியா அதே ஆபர்னை 28-7 என்று திருப்பி அடித்தது. "அவனை இவன் வென்றான், இவனை நான் வென்றேன்" என்று சங்கிலி போட்டால் முடிவே வராது. அதோடு, பட்டம் கைநழுவிய அணி பவுல் ஆட்டத்துக்கு எந்த மனநிலையில் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

மெர்சர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன், அதை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன்.

வாசாட்ச்_மலை

மனநிலை பற்றிய பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். சால்ட் லேக் சிட்டியில் 2003லிருந்து இருக்கிறேன். இதே வசனத்தை நாங்கள் 2009லேயே கேட்டுவிட்டோம்.

2008 யூட்டா அணி 12-0. அப்போது இரண்டே இடம் என்பதால் எங்கள் பெயரை யாரும் பேசவே இல்லை. எங்களுக்குக் கிடைத்தது சுகர் பவுல், நியூ ஆர்லியன்ஸில், 2009 ஜனவரி 2, எதிரில் அலபாமா. பேர்பெற்ற கோச் நிக் சேபனின் அலபாமா. அந்த சீசனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த அணி. எங்களைப் பொடிப்பொடியாக்கிவிடுவார்கள் என்றுதான் எல்லாச் சானலிலும் பேச்சு.

நாங்கள் ஏழெட்டுக் குடும்பம் ஒரு நண்பர் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். பெண்கள் சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், முதல் ஈடு இறக்குவதற்குள் 7-0. தட்டில் போட்டுக் கொண்டுவருவதற்குள் 14-0. முதல் குவார்ட்டர் முடியும்போது 21-0, தட்டு அப்படியே கையில் இருக்க எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் 31-17.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள்: அலபாமாவுக்கு மனம் இல்லை, அவர்களுடைய முக்கியமான லைன்மேன் ஆடவில்லை. இருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானம் எப்போதும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சொல்லப்படுகிறது. சின்ன அணி தோற்றால் "பார்த்தாயா, தகுதி இல்லை" என்பார்கள். சின்ன அணி ஜெயித்தால் "பெரியவனுக்கு மனம் இல்லை" என்பார்கள். என்ன நடந்தால் நாங்கள் தகுதியானவர்கள் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் பதிலே வராது.

அந்த வருடம் நாட்டிலேயே தோற்காமல் முடித்த ஒரே மேல்மட்ட அணி யூட்டா. வாக்கெடுப்பில் எங்களுக்கு இரண்டாவது இடம், ஒரு ஆட்டம் தோற்றிருந்த ஃப்ளோரிடாவுக்குப் பட்டம். 2006 பாய்ஸி ஸ்டேட்டும் அப்படியே. ஓக்லஹோமாவை 43-42 என்று ஓவர்டைமில் வென்று 13-0. அவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம். எங்கள் செனட்டர் ஆரின் ஹேட்ச் 2009ல் இதை செனட் விசாரணை வரை கொண்டுபோனார்.

1984ல் பக்கத்து ஊர் பிஒய்யூ (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) இப்படித்தான் 13-0 என்று வந்து பட்டமே வாங்கியது. அந்த மாதிரி ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் அணிக்கு வாக்காளர்கள் மனம் இரங்கியது அதோடு சரி.

சின்சி_அக்கா

நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது. எங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. நாங்கள் தோற்றோம்.

2021 சின்சினாட்டி, 13-0. சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து ப்ளேஆஃபுக்குள், அதாவது அந்த நாலு இடத்துக்குள், போன முதல் அணி. எப்படிப் போனோம் தெரியுமா? அக்டோபரில் நோட்ர டேமை அவர்கள் ஊரிலேயே 24-13 என்று வென்றோம். அவர்கள் கமிட்டியின் கடைசிப் பட்டியல் வரும் வரை வேறு யாரிடமும் தோற்காமல் எங்களுக்கு உதவினார்கள். முந்தின வருடம் நாங்கள் தோற்காமல் இருந்தது, பீச் பவுலில் ஜார்ஜியாவிடம் 24-21 என்று கடைசி மூன்று நொடியில் ஒரு ஃபீல்டு கோலில் தோற்றது, அதெல்லாம் சேர்ந்து இரண்டு வருடப் புண்ணியம். எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் எங்களுக்குக் கதவு. பெரிய அணிக்கு ஒரு தோல்வி மன்னிப்பு உண்டு. எங்களுக்கு ஒரு சனிக்கிழமை கால் வழுக்கினால் வருடமே முடிந்தது.

டிசம்பர் 31, டெக்சஸ் ஆர்லிங்டனில் அலபாமாவோடு அரையிறுதி. நானும் கணவரும் காரிலேயே போனோம். 27-6. அவர்களுடைய பிரையன் ராபின்சன் 204 கஜம் ஓடினார். எங்கள் பையன்கள் குறுக்கே போய்த் தடுத்தும் அவரோடு சேர்ந்து மூன்று கஜம் இழுபட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தேன். டஸ்கலூசா அண்ணா சொல்லும் 300 பவுண்டு விஷயம் பொய் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலமே இன்னொரு அரையிறுதி நடந்தது. ஜார்ஜியா 34, மிச்சிகன் 11. நாங்கள் 21 புள்ளியில் தோற்றோம், மிச்சிகன் 23 புள்ளியில் தோற்றது. மறுநாள் காலை ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டு டிவி பார்த்தோம். சின்சினாட்டிக்குத் தகுதி இருந்ததா என்று அரை மணி நேரம் பேசினார்கள். மிச்சிகனுக்குத் தகுதி இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தோல்வியைவிட இதுதான் இன்றும் வலிக்கிறது.

அடுத்த ஏப்ரலில், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எங்கள் அணியிலிருந்து ஒன்பது பேரை எடுத்தார்கள். தகுதி இல்லாத அணியிலிருந்து ஒன்பது பேரா?

டஸ்கலூசாவாசி

அக்கா, அந்த ஆட்டத்தில் உங்கள் டிஃபென்ஸ் எங்கள் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை 181 கஜத்தில் நிறுத்தியது. நாங்கள் எறிய முடியாமல்தான் ஓடினோம். நீங்கள் அங்கே இருக்க வேண்டிய அணிதான், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. ஆனால் பாருங்கள், நீங்கள் நோட்ர டேமை அவர்கள் மண்ணில் வென்று காட்டிவிட்டு வந்தீர்கள். 2017 யூசிஎஃப்பிடம் டிசம்பர் வரை அப்படி ஒரு வெற்றி இல்லை.

டலஹாசி_தம்பி

சின்ன அணி, பெரிய அணி என்று பேசுகிறீர்கள். 2023ல் எங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன், எல்எஸ்யூவை (லூயிசியானா ஸ்டேட்) வென்ற அணி. எங்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். காரணம்? எங்கள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பரில் கால் உடைந்தது, அவர் இல்லாமல் நாங்கள் ஜெயிக்க மாட்டோம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. அவர் இல்லாமல் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தோம்.

அப்புறம் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3. உடனே "கமிட்டி சரிதான்" என்றார்கள். அன்றைக்கு எங்கள் அணியில் பாதிப் பேர் ஆட வரவே இல்லை. பட்டத்துக்கான ஆட்டமாக இருந்திருந்தால் ஒருவர்கூட விலகியிருக்க மாட்டார். ஆட விடாமல் வைத்துவிட்டு, ஆடியிருந்தால் தோற்றிருப்பாய் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

புதுப்பார்வையாளர்

எல்லாவற்றையும் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு 12 வயது. "அப்ப யூசிஎஃப் சாம்பியனா இல்லையாம்மா?" என்று கேட்கிறான். என்ன சொல்ல?

நைட்ஸ்_ரசிகன்

எங்கள் பல்கலைக்கழகம் தன்னைச் சாம்பியன் என்று அறிவித்தது, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் நடந்தது, நானும் போய் நின்று கத்தினேன். பழைய முறையில் பயன்பட்ட கம்ப்யூட்டர் கணக்குகளில் ஒன்றான கோலி மேட்ரிக்ஸ் எங்களுக்கு முதலிடம் கொடுத்தது, அது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் பதிவேட்டிலும் இருக்கிறது. பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் நாலு பேர் எங்களுக்கு முதலிடம் போட்டார்கள், மொத்தத்தில் ஆறாவது இடம்.

ஆனால் பையனிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் சாம்பியனா என்று எனக்குத் தெரியாது. அலபாமாவை வென்றிருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டஸ்கலூசா அண்ணா சொன்னது போல் எங்கள் டிஃபென்ஸ் அவர்களிடம் தடுமாறியிருக்கலாம். நான் கேட்டது பட்டத்தை இல்லை, அந்த ஒரு ஆட்டத்தை. எங்கள் பையன்கள் தங்கள் முன்னால் நிறுத்தப்பட்ட 13 பேரையும் வென்றார்கள். பதினாலாவதாக ஒருவரை நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை.

அடுத்த வருடமும் 12-0 என்று வந்து எட்டாவது இடத்தில் நின்றோம். மில்டனின் முழங்கால் டாம்பாவில் மோசமாக விலகிய ஆட்டத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் இல்லாமல் எல்எஸ்யூவிடம் 40-32. தொடர்ந்து 25 வெற்றி அங்கே நின்றது.

இன்னொன்று, நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். 2024ல் ப்ளேஆஃப் 12 அணி ஆகிவிட்டது. ஐந்து சாம்பியன், அது போக ஏழு பேர். 2017 கடைசிப் பட்டியலை அப்படியே அந்த விதியில் போட்டால் முதல் 12 பேரும் உள்ளே வருகிறார்கள், அதாவது 12வதாக நாங்களும். 2024ல் முதல் நாலு இடமும் முதல் சுற்று ஓய்வும் சாம்பியன்களுக்கு என்று இருந்ததால் க்ளெம்ஸன், ஓக்லஹோமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட். சாம்பியன் இல்லாததால் அலபாமா ஐந்தாவதாகிறது. முதல் சுற்றில் ஐந்தும் பன்னிரண்டும் மோத வேண்டும், மேலே இருப்பவர் ஊரில்.

டஸ்கலூசாவாசி

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. டிசம்பர் குளிரில், எங்கள் பிரயண்ட் டென்னி ஸ்டேடியத்தில், யூசிஎஃப் அலபாமா.

நாங்கள் ஜெயித்திருப்போம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆட்டம் நடந்திருக்க வேண்டும் தம்பி. டிக்கெட் நான் எடுத்திருப்பேன், நீங்கள் எங்கள் வீட்டில் தங்கியிருக்கலாம்.

நைட்ஸ்_ரசிகன்

வந்திருப்பேன் அண்ணா.